இருக்கிறதைக் காப்போம்: இந்த வருட அரசியல் பற்றிப் பழமை விரும்பும் ஒருவனின் கருத்து

கோப்பாயூரான் எழுதியது:

வணக்கம் உறவுகளே,

2025 ஒக்டோபர் 6ஆம் திகதி ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், இலங்கை பற்றிய இன்னொரு தீர்மானம் வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேறியது. சாட்சியங்களைச் சேர்த்து வைக்கும் ஐ.நா. பிரிவுக்கு மேலும் இரண்டு வருடம் கிடைத்திருக்கிறது. நாலு நாள் போக காசாவில் போர்நிறுத்தம். அதற்கு முன்னே ட்ரம்பின் வரி, விஜய்யின் கச்சதீவுப் பேச்சு, ஜனாதிபதியின் கச்சதீவுப் பயணம். சந்தையிலும் சலூனிலும் இவைதான் கதை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, ஏழு வருடமாகத் தேர்தல் இல்லை. அதை மட்டும் ஒருவரும் கதைக்கக் காணோம். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

நான் எந்தப் பக்கம் நின்று கதைக்கிறேன் என்பதை முதலே சொல்லி விடுகிறேன். காணி, கோயில், பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், குடும்பம், எழுதி வைத்த சட்டம் இவற்றைப் பெரிதாக நினைக்கிற ஆள் நான். மேலே இருந்து ஒருவர் வந்து எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றித் தருகிறேன் என்றால் எனக்குப் பயம் வரும். அவர் கொழும்பில் இருந்து வந்தாலும் சரி, வாஷிங்டனில் இருந்து வந்தாலும் சரி, எங்கள் ஆளே என்றாலும் சரி.

இந்த வருடம் எங்களுக்கு நடந்ததில் மிகப் பெரியது எது என்று கேட்டால், மார்ச் 28 வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் என்றுதான் சொல்வேன். வடக்கில் 5,941 ஏக்கர் காணி, அதில் யாழ் மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்றது அது. அதற்குப் பயன்படுத்தியது வெள்ளைக்காரன் காலத்துக் காணி நிர்ணயச் சட்டம். அந்தச் சட்டம் வந்த நாளில் காணிக்காரர் ஊரில் இருந்தார், காணி உறுதிப் பத்திரம் அவருடைய பெட்டியில் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது பிள்ளையைத் தூக்கியவர்கள் உறுதியைத் தூக்கினார்களா? வன்னியில் இருந்தவர்கள் 2009இல் எதைக் கொண்டு வந்தார்கள்?

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா. தகப்பன் வழிக் காணி வடமராட்சி கிழக்கில். வர்த்தமானிக் கதை கேட்டுப் பயந்து என்னிடம் வந்தார். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்த ஆள் என்றபடியால் இப்படி வருவார்கள். அவரிடம் இருந்தது பிளாஸ்ரிக் உறையில் நாலாக மடித்த ஒரு நொத்தாரிசுப் பிரதி. மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்துப் போய்விட்டது. எல்லை சொல்லும் பந்தியில் “கிழக்கு” என்பதும் “பனை நிற்கும் வேலி” என்பதும்தான் வாசிக்க முடிந்தது. அந்த வேலியும் இல்லை, பனையும் இல்லை. சகோதரங்களில் ஒருவர் பாரிஸில், ஒருவர் உயிரோடு இல்லை, ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை. காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுத்து, நில அளவைப் படம் தேடி, இறந்தவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்து, காணாமல் போனவருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்று, இவ்வளவும் மூன்று மாதத்தில் முடிகிற காரியமா?

ஜூன் 27 அன்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கூச்சல் போட்டு வந்த தடை இல்லை, வழக்குப் போட்டு வந்தது. ஆனால் ஒவ்வொரு தரமும் நாங்கள் கொழும்புக்குப் போய் வழக்காடித்தான் எங்கள் காணியைக் காக்க வேண்டுமா? அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் காணி என்ற சொல் மாகாணப் பட்டியலில் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு ஒரு சபை இருந்திருந்தால் இந்த வர்த்தமானி வருவதற்கு முன்னமே ஒரு கேள்வி எழுந்திருக்கும். இப்போது ஆளுநர் இருக்கிறார். திரு. வேதநாயகன் ஊர் தெரிந்த நல்ல நிர்வாகி. ஆனாலும் அவரை நியமித்தது ஜனாதிபதி. அவரை நாங்கள் தெரிவு செய்யவில்லை, மாற்றவும் எங்களால் முடியாது.

என் கருத்து இவ்வளவுதான்: புதிய அரசியலமைப்பு வரட்டும், ஜெனீவா நடக்கட்டும், ஆனால் 1987இல் இருந்து சட்டத்தில் இருக்கிற, பாதியாவது எங்கள் கையில் இருக்கிற சபையை முதலில் திரும்ப எடுங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வல்லையான்29 எழுதியது:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன்.

நான் கடந்த முறை திசைகாட்டிக்கு, அதாவது ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்திக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் நாலு வாக்கும் அதற்குத்தான். 2024 நவம்பரில் யாழ் தேர்தல் மாவட்டத்தில் அவர்களுக்கு 80,830 வாக்கு, வீட்டுச் சின்னத் தமிழரசுக் கட்சிக்கு 63,327. தெற்குக் கட்சி ஒன்று இங்கே முதலாவதாக வந்தது அதுதான் முதல் தடவை. சனம் சும்மா போடவில்லை. போர் முடிந்து பதினைந்து வருடம் வீட்டுக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் மாறி மாறிப் போட்டோம். அவர்கள் ஒருவரை ஒருவர் நீதிமன்றத்துக்கு இழுத்ததுதான் மிச்சம்.

இந்த அரசாங்கம் வந்த பிறகு ஏப்ரல் 10ஆம் திகதி பலாலி வீதி திறந்தது. 35 வருடமாக மூடிக் கிடந்த வீதி ஐயா. செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தார்கள். முன்னர் என்றால் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ இரவு பஸ் ஏற வேண்டும். மண்டைதீவில் கிரிக்கெட் மைதானம் தொடங்கியிருக்கிறார்கள். மயிலிட்டித் துறைமுகத்தில் வேலை நடக்கிறது.

மாகாண சபையையும் பார்த்தோம்தானே? 2013இல் 38இல் 30 ஆசனம் கொடுத்தோம். நூற்றுக்கணக்கில் தீர்மானம் போட்டார்கள். சபை இயற்றிய நியதிச் சட்டம் எத்தனை? 2017இல் சொந்தக் கட்சியே முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டு வந்தது. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தபோது மாகாண சபை நியமித்த நிபுணர் குழு ஆபத்து இல்லை என்றது. அப்படிப்பட்ட சபையைத் திரும்பக் கேட்பதில் என்ன பயன்?

கோப்பாயூரான் எழுதியது:

தம்பி வல்லையான், நன்றி. காரணத்தோடு எழுதியிருக்கிறீர்கள், அதனால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கடவுச்சீட்டு அலுவலகம் நல்ல காரியம். வயது போனவர்களுக்குப் பெரிய உதவி. பலாலி வீதி திறந்ததும் நல்லதுதான். ஆனால் அது திறந்த விதத்தைப் பாருங்கள். காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை என்று நேரம் போட்டுத் திறந்தார்கள். எங்கள் வீதியில் நாங்கள் போகும் நேரத்தை இன்னொருவர் தீர்மானிக்கிறார். தயவில் கிடைத்ததைத் தயவு போனால் எடுத்து விடலாம். உரிமையாகக் கிடைத்ததை எடுப்பதற்குச் சட்டம் மாற்ற வேண்டும். இந்த வேறுபாடு எனக்கு மிகவும் முக்கியம்.

80,830 என்பது பெரிய எண்தான். ஆனாலும் செல்லுபடியான வாக்கில் நாலில் ஒரு பங்கு. மிச்ச வாக்குகள் எத்தனையோ கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் சிதறின. அந்தச் சிதறலுக்கு எங்கள் தலைவர்கள்தான் பொறுப்பு, அதில் உங்களோடு நான் உடன்படுகிறேன். மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வீடு மறுபடியும் முன்னுக்கு வந்தது. ஆக சனம் யாருக்கும் அடிமை இல்லை, ஆறு மாதத்தில் கையை மாற்றிப் போடத் தெரிந்த சனம். அந்த அறிவை மாகாணத்திலும் பயன்படுத்தத்தான் தேர்தல் கேட்கிறேன்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். 2010இல் யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனம். 2015இல் 7. 2024இல் 6. கிளிநொச்சியையும் சேர்த்துத்தான் இந்த ஆறு. ஒரு தலைமுறைக்குள்ளே பாராளுமன்றத்தில் எங்கள் குரல் மூன்றில் ஒரு பங்கு குறைந்து விட்டது. எவரும் சண்டை போட்டுப் பறிக்கவில்லை, ஆட்கள் இல்லை என்பதால் போனது. 225 பேர் இருக்கிற இடத்தில் அரசாங்கத்திடம் 159. இந்த நிலையில் பாராளுமன்றத்தை மட்டும் நம்பி இருக்கலாமா?

சுன்னாகம் பற்றிச் சொன்னீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். அந்தக் குழுவின் அறிக்கை எனக்கும் கோபம் தந்தது. எங்கள் உறவினர் வீடு மல்லாகத்தில். வாளியில் அள்ளி வைத்த தண்ணீர் ஆறியதும் மேலே வானவில் நிறத்தில் படலம் நிற்கும், கையை விட்டால் விரலில் வழுக்கும். அந்தக் கிணற்றுக்கு அவர்கள் கடைசியில் பலகை போட்டு மூடினார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கே மின் நிலையம் நடத்திய கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. அந்த வழக்கையும் கொழும்பில்தான் போட வேண்டி வந்தது. பிழையாக நடந்த சபையைச் சனம் தண்டிப்பதற்கு ஒரு நாள் இருக்க வேண்டும். 2018இல் அந்த நாள் வந்திருக்க வேண்டியது, வரவே இல்லை. சபை கெட்டது என்பதற்காகச் சபையே வேண்டாம் என்றால், கெடுத்தவர்கள் தப்பித்தார்கள், நாங்கள்தான் இழந்தோம்.

குருநகரான் எழுதியது:

அண்ணை, கச்சதீவு பற்றி ஒரு வரியில் விட்டுவிட்டுப் போகிறீர்கள். எங்களுக்கு அது ஒரு வரி இல்லை.

திங்கள், புதன், சனி. இந்த மூன்று இரவும் எங்கள் பக்கத்தில் வலை போடப் பயம். அங்காலே இருந்து இழுவைப் படகுகள் வரும். கரையில் இருந்து பார்த்தாலே வெளிச்சம் வரிசையாகத் தெரியும், ஒரு ஊர் மாதிரி. காலையில் போய்ப் பார்த்தால் மிதவை மட்டும் ஒரு பக்கம் கிடக்கும். வலையைக் கடனில் வாங்கியவனுக்கு அதோடு சரி. கடலடியை வாரிக் கொண்டு போகும்போது குஞ்சு, முட்டை, பாசி எல்லாம் போய்விடும். பேந்து கடலில் என்ன இருக்கும்?

ஓகஸ்டில் மதுரையில் விஜய் கச்சதீவை மீட்டுத் தா என்று இந்தியப் பிரதமரிடம் கேட்டார். பத்துப் பதினொரு நாளில் எங்கள் ஜனாதிபதி படகில் போய் இறங்கினார். இரண்டு பேருக்கும் கைதட்டு. எங்களுடைய வலைக்கு யார் காசு தந்தது? அந்தத் தீவு 285 ஏக்கர். நல்ல தண்ணீர் இல்லை. வருடத்தில் ஒரு தரம் அந்தோனியார் திருவிழாவுக்கு இரண்டு கரையும் போய்ச் சேர்ந்து பூசை கண்டு வருவோம். சண்டை தீவில் இல்லை, இழுவைமடியில், அந்த இழுவை வலையில் இருக்கிறது. மடியை நிற்பாட்டினால் சண்டையும் நிற்கும்.

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017இல் இழுவைமடி கூடாது என்று எங்கள் நாட்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் எங்கள் பக்கத்திலும் உள்ளூர் றோலர்கள் ஓடுகின்றன. அதை நாங்களே நிற்பாட்டாமல் இந்தியாக்காரனை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

கோப்பாயூரான் எழுதியது:

தம்பி குருநகரான், நீங்கள் எழுதியதைத் தமிழ்நாட்டு உறவுகள் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் சொல்கிறவர்கள் முல்லைத்தீவில் இருந்து நெடுந்தீவு வரை அதே உறவின் வலைதான் அறுகிறது என்பதையும் மேடையில் சொல்ல வேண்டும்.

1974 ஒப்பந்தமும் 1976 கடிதங்களும் இரண்டு அரசுகள் எழுதிக் கையெழுத்து வைத்தவை. அன்றைக்குத் தமிழ்நாட்டைக் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதிய எல்லையை ஒவ்வொரு தேர்தலுக்கும் அசைத்துப் பார்த்தால் கடலில் இருக்கிற ஏழைக்குத்தான் அடி. எல்லை இருக்கட்டும். அந்த எல்லைக்குள்ளே மடியை நிறுத்துவது பற்றி இரண்டு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து கதைக்க வேண்டும். முன்னரும் சில தரம் உட்கார்ந்தார்கள், தொடரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அங்கே தடைக்காலம் கடைப்பிடிக்கிறார்கள். கடலை ஓய விட வேண்டும் என்று விளங்கித்தான் அதைச் செய்கிறார்கள். அந்த விளக்கம் எங்கள் பக்கக் கடலுக்கும் வேண்டும்.

ஸ்காபுரோவாசி எழுதியது:

அண்ணை வணக்கம். உங்களைப் போல நானும் வலதுசாரிதான். இங்கே கனடாவில் ஏப்ரல் 28 தேர்தலில் கன்சர்வேட்டிவுக்கு வாக்களித்தேன், தோற்றுப் போனோம். வரி குறைய வேண்டும், களவு குறைய வேண்டும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு என்ன படிப்பிப்பது என்பதில் தாய் தகப்பனுக்குச் சொல் இருக்க வேண்டும். இவையெல்லாம் உங்களுடைய கருத்தும்தானே?

ஆனால் ட்ரம்பை ஏன் பயத்தோடு பார்க்கிறீர்கள்? அவர் தன் நாட்டுக்காரனை முதலில் பார்க்கிறார். எங்கள் தலைவர்களிடம் இல்லாதது அதுதான்.

மற்றது, ஊருக்கு இங்கே நாங்கள் செய்வதையும் மறக்காதீர்கள். மே 10இல் பிராம்ப்டனில் இனப்படுகொலை நினைவுத்தூண் திறந்தோம். கொழும்பு எவ்வளவோ எதிர்த்தும் நடந்தது. மார்ச்சில் பிரித்தானியா முன்னாள் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா உட்பட நாலு பேருக்குத் தடை போட்டது. இதெல்லாம் புலம்பெயர்ந்த சனத்தின் உழைப்பு.

கோப்பாயூரான் எழுதியது:

தம்பி, உங்கள் உழைப்பை ஒருநாளும் மறக்க மாட்டேன். 2022இல் எரிவாயுவும் மருந்தும் இல்லாமல் நாடு நின்றபோது இந்தக் குடாநாடு மூச்சு விட்டது நீங்கள் அனுப்பிய காசில்தான். பிராம்ப்டன் தூணைப் படத்தில் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. இங்கே எங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூணை 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடித்தார்களே.

ட்ரம்ப் விடயத்தில் உங்களோடு நிற்க முடியவில்லை. ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைப் பொருளுக்கு 44 வீதம் என்றார். ஜூலையில் 30, ஓகஸ்டில் 20. எங்கள் ஏற்றுமதியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது, அதில் பெரும்பகுதி உடுப்பு. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய முன் பஸ் ஏறுகிற பிள்ளைகளில் பலர் போரில் தகப்பனை இழந்தவர்கள். அந்த நாலு மாதமும் வேலை இருக்குமா என்று அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வருடக்கணக்காக நடந்து வந்த வியாபாரத்தை ஒரு மேடையில் பலகை பிடித்து மாற்றுவதை நான் எப்படி என் பக்கம் என்று சொல்வேன்? எனக்குத் தெரிந்த பழமையில் கொடுத்த வாக்குக்கு மரியாதை இருக்கிறது. வட்டிக்கு வாங்கியவனுக்கும் தவணை சொல்லித்தான் கேட்பார்கள்.

இன்னொன்று, இதை வருத்தத்தோடு கேட்கிறேன். கதவுகள் மூடிக் கொண்டு வருகின்றன. பிரித்தானியா ஜூலை 22 முதல் வெளிநாட்டில் இருந்து புதிதாகப் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்தியது. கனடா இந்த வருட நிரந்தரக் குடியேற்றத்தை 395,000 ஆகக் குறைத்தது. நீங்கள் அங்கே வாக்களிக்கும் கட்சி இன்னும் குறைக்க வேண்டும் என்கிறது. அது உங்கள் நாட்டு விடயம், நான் பிழை சொல்லவில்லை. இங்கே பெடியள் தோட்டக் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் கட்டிக் கொண்டிருக்கிறார்கள். மூடுகிற கதவுக்கு முன்னால் காணியும் போய் ஆளும் போகிறது. ஊருக்குக் கதைக்கும்போது இந்த உண்மையைப் பெடியளுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் காணி. எங்கள் குறிச்சியில் பூட்டிக் கிடக்கிற வீடுகளை எண்ணினால் மனம் உடைந்து போகும். வளவுக்குள் பற்றை, கிணற்றில் இலை, இரவில் அங்கே ஐஸ் போதைப்பொருளுக்குப் பெடியள் கூடுகிறார்கள். விற்க வேண்டாம். பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குத்தகைக்குக் கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள். செம்மண் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தரும். சும்மா கிடந்தால் நாளைக்கு இன்னொரு வர்த்தமானி வரும்போது, உரிமைக்காரர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

மானிப்பாய்மகள் எழுதியது:

ஐயா, எல்லாவற்றையும் வாசித்தேன். காணி பற்றி எழுதியது என் வீட்டுக் கதையும்தான். ஆனால் “காக்க வேண்டும்” என்று நீங்கள் சொல்லும்போது எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. எதையெல்லாம்?

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் திருமணமான பெண் தன் சீதனக் காணியைக் கணவனின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவன் விட்டுவிட்டுப் போன பெண் நீதிமன்றம் போய் அனுமதி எடுக்க வேண்டும். போருக்குப் பிறகு கணவன் எங்கே என்றே தெரியாத எத்தனை பெண்கள் இதில் மாட்டினார்கள் தெரியுமா? அதையும் காப்பதா?

சாதி பற்றி இவ்வளவு நீளமான இழையில் ஒருவர்கூட எழுதவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2017இல் புத்தூரில் குடிமனைக்கு நடுவே இருக்கிற சுடலையை மாற்றச் சொல்லிச் சனம் வீதியில் இருந்தது. யாருடைய குடிமனை, யாருடைய சுடலை என்று நான் விளக்கத் தேவையில்லை. ஊரின் கையில் அதிகாரம் என்கிறீர்கள். ஊரில் யாருடைய கையில்?

1957இல் சாதித் தடைகளுக்கு எதிரான சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது கொழும்பு. ஊர்ச் சபை இல்லை. இதையும் யோசியுங்கள்.

கோப்பாயூரான் எழுதியது:

தங்கச்சி, இந்த இழையிலே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

கோயில் வாசலில் ஒரு மனிதரை நிறுத்துவது காக்க வேண்டிய பழமை இல்லை, பாவம். அதைப் பாவம் என்று சொல்வதற்கு எனக்கு எந்தப் புதுக் கொள்கையும் தேவைப்படவில்லை. நந்தனும் திருநாளைப்போவாரும் ஒரே ஆள் என்று சொல்கிற பெரியபுராணத்தை நாங்கள்தான் கோயிலில் வைத்துப் படிக்கிறோம்.

57ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரிக்கிறேன். ஆனால் சட்டம் வந்தது 57இல், மாவிட்டபுரம் நடந்தது 68இல். சட்டம் வந்து பதினொரு வருடம் போயும் வாசல் திறக்கவில்லை. கடைசியில் திறக்க வைத்தவர்கள் வெயிலில் நின்று அடி வாங்கிய இந்த ஊர்ச் சனம்தான். அவர்களும் இந்த மண்ணின் பழமைதான், அவர்களை என் ஊருக்கு வெளியே வைத்து நான் கதைக்கவில்லை.

தேசவழமையில் பங்காளிக்கும் அயல் காணிக்காரருக்கும் முதலில் சொல்லித்தான் காணி விற்க வேண்டும் என்று இருந்த விதி, எங்கள் காணி கை மாறாமல் காத்த விதி. அதை நான் விடச் சொல்ல மாட்டேன். கணவன் சம்மத விதி மாற வேண்டும். அதை மாற்றும்போது எங்கள் பெண்களும் எங்கள் சட்டத்தரணிகளும் உட்கார்ந்து மாற்ற வேண்டும். மொத்தத் தேசவழமையையும் தூக்கி எறிகிற சாட்டாக அதை வேறு ஒருவர் எடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

மானிப்பாய்மகள் எழுதியது:

பதிலுக்கு நன்றி ஐயா. முழுமையாக ஏற்கவில்லை. “எங்கள் பெண்களும்” உட்காருவார்கள் என்கிறீர்கள். 2013 மாகாண சபையில் 38 பேரில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். உள்ளூராட்சிச் சபைகளில் 25 வீதம் பெண்கள் என்று சட்டம் இருக்கிறது, மாகாண சபைக்கு இல்லை. தேர்தல் கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேட்பீர்களா?

கோப்பாயூரான் எழுதியது:

கேட்பேன். தேர்தல் கேட்டு எங்கள் சங்கம் எழுதும் கடிதத்தில் அதையும் எழுதுகிறேன்.

அரியாலையான் எழுதியது:

ஐயா, செம்மணி மனிதப் புதைகுழி பற்றி ஒன்றும் எழுதவில்லையே? அந்தக் குழி இருக்கிற சித்துப்பாத்தி எங்கள் சுடலை. பெப்ரவரியில் தகன மேடை கட்டத் தோண்டியபோது எலும்பு வந்த நாளில் இருந்து எங்கள் சனத்துக்கு நித்திரை இல்லை. உங்கள் கருத்துப்படி ஜெனீவா தேவையில்லையா?

கோப்பாயூரான் எழுதியது:

எழுதாமல் விட்டதற்குக் காரணம், எழுதத் தொடங்கினால் வேறு எதையும் எழுத முடியாது.

ஓகஸ்ட் 5ஆம் திகதி நீதிமன்ற உத்தரவுப்படி கண்டெடுத்த பொருட்களைச் சனம் அடையாளம் காண வைத்தார்கள். நானும் போனேன். எங்கள் உறவிலும் 96இல் போய்த் திரும்பி வராத ஒரு பெடியன் இருக்கிறான். உடுப்புகள், வளையல், ஒரு பால் போத்தல், ஒரு பிள்ளையின் நீலப் புத்தகப் பை. எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒரு சேட்டின் கொலரையே பார்த்துக் கொண்டு நின்றார். தையல் தன்னுடையதா என்று பார்த்தார். இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த உடுப்புக்குப் போனார்.

200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவர்களில் ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்தது, திதி இருக்க வேண்டியது. தகப்பனுக்கு ஆடி அமாவாசை விரதம் பிடிக்கிறவனுக்கு, தகப்பன் எந்த நாளில் இறந்தார் என்பது அரசியல் இல்லை, கடமை. அதனால்தான் எனக்கு ஜெனீவா வேண்டும். ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் ஜூன் 25ஆம் திகதி அந்தக் குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றது வேண்டும். 1998இல் ஒரு இராணுவத்தினன் நீதிமன்றத்தில் நின்று செம்மணியில் நூற்றுக்கணக்கில் புதைத்தோம் என்று சொன்னான். அதற்குப் பிறகும் இவ்வளவு காலம் போனது. உள்நாட்டை மட்டும் நம்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அகழ்வுக்கு நிதி வருவது, மரபணுச் சோதனை எங்கே யார் செய்வது, எலும்பை எங்கே வைப்பது, இவற்றை நாளுக்கு நாள் கவனிக்க ஜெனீவாவால் முடியாது. அதற்கு இங்கே தெரிவு செய்யப்பட்ட ஒரு சபை தொடர்ந்து கேட்டுக் கொண்டிருக்க வேண்டும்.

வல்லையான்29 எழுதியது:

ஐயா, செம்மணிப் பதிவை வாசித்து விட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். திசைகாட்டிக்குப் போட்டது பிழை என்று இன்னும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய விஞ்ஞாபனத்திலேயே மாகாண சபைத் தேர்தல் வாக்குறுதி இருக்கிறது. அதைக் கேட்கும் உரிமை போட்டவனுக்குத்தான் கூட. சட்டத்தில் சிக்கல் இருக்கிறது, அதனால்தான் நடத்த முடியவில்லை என்கிறார்களே, அது என்ன சிக்கல்?

கோப்பாயூரான் எழுதியது:

தம்பி, சொல்கிறேன். 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றி, பாதி தொகுதி முறை என்று சட்டம் கொண்டு வந்தார்கள். அதற்கு எல்லை பிரிக்க வேண்டும். எல்லை பிரித்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 பேர், ஆதரவாக ஒருவரும் இல்லை. கொண்டு வந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். புதிய முறையும் இல்லை, பழைய முறையும் இல்லை. அன்றிலிருந்து தொங்கிக் கொண்டிருக்கிறது.

இதற்கு அரசியலமைப்பை மாற்றத் தேவையில்லை. எல்லை பிரிக்கும் வரை பழைய விகிதாசார முறையில் நடத்தலாம் என்று ஒரு சிறிய திருத்தம் போதும். சாதாரண பெரும்பான்மை காணும். அவர்களிடம் 159 இருக்கிறது. மனம் இருந்தால் ஒரு வாரத்து வேலை.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுகிறோம். யாழ் மாவட்டத்தின் ஆறு உறுப்பினர்களுக்கும், திசைகாட்டிக்காரர் மூவருக்கும் சேர்த்துத்தான். பெண்களுக்கு 25 வீதமும் அதில் இருக்கும். வரைவை ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன்.

குருநகரான் எழுதியது:

போடுங்கள் அண்ணை. கடற்றொழிலாளர் சங்கத்தில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கித் தருகிறேன். உள்ளூர் இழுவைமடியைக் கண்காணிக்கும் அதிகாரம் பற்றியும் ஒரு பந்தி சேருங்கள்.

வல்லையான்29 எழுதியது:

எனக்கும் ஒரு பிரதி. சிங்களத்தில் மொழிபெயர்க்க என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன்.